கோடை லீவில் ஒரு மணி நேரம் இங்கிலீஷ்



கோடை முகாமில் ஆங்கிலம் சொல்லித்தரத் தொண்டர்களாக வெளிநாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்தூரில் நமக்கு நம்ம வீட்டு வாசலே போதும். "நான் பன்னெண்டாவதுதான், எனக்கென்ன இங்கிலீஷ் தெரியும்?" என்று தயங்க வேண்டாம். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தர பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதியாக இருந்தது. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்காதீங்க. லாரி, கண்டெய்னர், கேட், பஸ் எல்லாம் மணலி ரோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அத்துப்படி. அதையே வாக்கியமாக்குங்க: 'திஸ் இஸ் எ லாரி. தி லாரி இஸ் பிக்.' நீங்க ஒருமுறை, பிள்ளைகள் ஒருமுறை. பிறகு 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்க. பதில் வர நேரமாகும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பிள்ளை வாயே திறக்காது.

'ஃபேன்' என்பதை 'பேன்' என்றால் தலையில் ஊறுகிற பேனாகிவிடும்! மேல்பல் கீழுதட்டைத் தொட, காற்றை ஊதச் சொல்லுங்க. 'இஸ்கூல்' என்றால் சிரிக்காதீங்க. சரியாக ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு மேலே போங்க. கேலிக்கு ஆளான பிள்ளை மறுநாள் வராது.

உங்களுக்கே தெரியாத வார்த்தை வந்தால், "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்க. மறக்காம மறுநாள் சொல்லிடுங்க.