நகையில் இருக்கும் சாமியைப் படிப்போம்



தீபாவளி நெருங்கினால் போதும், நகைக்கடைகளில் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று தனி வரிசையே வைத்துவிடுகிறார்கள். லட்சுமி டாலர், பிள்ளையார் தோடு, மயில் ஜிமிக்கி என்று விதவிதமாய் இருக்கும். “அழகா இருக்கே!” என்று வாங்குகிறோம். அதே சமயம் பாட்டியின் பழைய காசுமாலையை “இதெல்லாம் யாரு போடுவா?” என்று கடையில் கொடுத்து மாற்றிவிடுகிறோம். தங்கத்துக்கு விலை கிடைக்கும். அதில் இருந்த உருவத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. அது உருக்கும் அடுப்போடு போய்விடும்.

நகையில் உள்ள தெய்வ உருவத்தைப் படிக்க மூன்று கேள்விகள் தெரிந்தால் போதும். யார்? எங்கே? எப்படி?

1. யார் இருக்கிறார்?

நாம் அதிகம் பார்ப்பது லட்சுமி. தாமரையில் அமர்ந்திருப்பாள். மேல் இரு கைகளில் தாமரைப் பூ, கீழ்க் கைகளில் அபயமும் வரதமும். இரண்டு பக்கமும் யானைகள் நின்று நீர் சொரிந்தால் அவள் கஜலட்சுமி. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட சாஞ்சி ஸ்தூபியிலேயே இந்த உருவத்தைக் காணலாம்.

குப்த மன்னர்களின் பொற்காசுகளிலும் லட்சுமி உண்டு. விஜயநகர மன்னர்களின் வராகன் காசுகளில் உமாமகேசுவரரும் லட்சுமி நாராயணரும் அமர்ந்திருக்கிறார்கள். காசும் தெய்வமும் இப்படிப் பல நூற்றாண்டு சேர்ந்தே வந்திருப்பதால், காசுமாலையில் லட்சுமி இருப்பதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் காலத்தில் ராணி தலை பொறித்த பவுன் காசையும் கோத்துப் போட்டார்கள். நாம் இன்றும் சொல்லும் ‘பவுன்’ அந்தக் காசின் பெயர்தான். எடை கிட்டத்தட்ட 8 கிராம்.

தாலியையும் கவனியுங்கள். ஐயங்கார் வீட்டுத் தாலியில் திருமண்ணும் சங்கு சக்கரமும் இருக்கும். மதுரைப் பக்கம் மீனாட்சி உருவம் வைத்த தாலி உண்டு. ஒரு குடும்பம் யாரைக் கும்பிட்டது என்பதைத் தாலியே சொல்லிவிடும்.

2. எங்கே இருக்கிறார்?

பரதநாட்டியம் ஆடும் தங்கைகளுக்கு இது தெரிந்திருக்கும். தலை வகிட்டின் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் சந்திரன். சடையில் நாகம். இவை சாமிக்குச் சாத்தும் அணிகளின் வழியில் வந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழன் கொடுத்த நகைகளின் எடையும் கற்களின் எண்ணிக்கையும் அந்தக் கோயில் கல்வெட்டிலேயே வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில், 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் போன்றவர்கள் வழியாக இந்த அணிகள் இன்றைய நாட்டிய மேடையில் நிலைத்தன.

சோழர் கால நடராஜர் செப்புத் திருமேனிகளில் காதைப் பாருங்கள். வலக்காதில் மகரக் குழை, இடக்காதில் தோடு. இடப்பாகம் அம்பிகைக்கு உரியது என்பதை ஒரு காதணி சொல்லிவிடுகிறது!

அப்படியானால் காலுக்கு? “தங்கக் கொலுசு போடாதே” என்று அம்மா சொல்லும்போது நமக்குக் கோபம் வரும். தங்கத்தை லட்சுமியாகவே பார்த்தார்கள். அதனால் இடுப்புக்குக் கீழே வெள்ளிதான். இது நமக்கான கட்டுப்பாடு. சாமியின் பாதத்துக்குத் தங்கக் கவசமே சாத்துகிறோம். இந்தக் காரணம் தெரிந்தால், பிள்ளையார் உருவம் தொங்கும் கொலுசைக் கடையில் பார்க்கும்போது வேண்டாம் என்று நாமே சொல்வோம்.

3. எப்படிச் செய்தார்கள்?

நாகர்கோவிலில் உள்ள வடசேரி, கோயில் நகைக்குப் பெயர் போன இடம். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெள்ளியில் வடிவம் செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, மேலே தங்கத் தகடு ஒட்டுவார்கள். நகாசு வேலை இன்னொரு வகை. தங்கத் தகட்டை அரக்கின் மேல் வைத்து, சிற்றுளியால் தட்டித் தட்டி முகத்தை எழுப்புவார்கள். கையால் தட்டுவதால் ஒரு லட்சுமியின் முகம் இன்னொன்றைப் போல இருக்காது.

இப்போது கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, வார்த்துவிடுகிறார்கள். எடை குறைவு, விலையும் நமக்குக் கட்டுப்படியாகும். அதில் தவறில்லை. சிறிய வேல் டாலர் போட்டுக்கொண்டு பத்துமலை ஏறும் தம்பிக்கு அது வார்ப்பா, நகாசா என்பது பெரிதில்லை. ஆனால் கைகள் மாறிய முகம், யானை இல்லாத கஜலட்சுமி என்று உருவம் தப்பாக இருந்தால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். வாங்குகிற நாம் கேட்டால்தான் செய்கிறவரும் கவனிப்பார்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பழைய நகையை மாற்றப் போகுமுன் ஒரு நாள் பொறுங்கள். முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, “இது யாரு சாமி, யார் செஞ்சு கொடுத்தா?” என்று கேட்டு எழுதி வையுங்கள். சில வேளை அந்தப் பதிலைக் கேட்டபின் மாற்றவே மனம் வராது.

கலந்துரையாட:

1. உங்கள் வீட்டு நகைகளில் எந்தத் தெய்வ உருவங்கள் உள்ளன? கைகளில் என்ன வைத்திருக்கிறார்கள்?
2. தெய்வ உருவம் உள்ள நகையை எங்கே அணியலாம், எங்கே கூடாது? காரணம் என்ன?
3. குடும்ப நகையை மாற்ற வேண்டிய பணத்தேவை வந்தால், அதன் கதையை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?