ஆடும், ஆனால் விழாது!

"நம்ம ஊருக்கும் பூகம்பத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" மலருக்கு இதைத்தான் எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பு நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இது. நியாயம்தான். போலகத்தில் நாம் பயப்படுவது புயலுக்கும் வெள்ளத்துக்கும், 2004-க்குப் பிறகு கடலுக்கும். ஆனால் 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவில் நிலம் நடுங்கியது. சென்னை வரை மக்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 1993-இல் மகாராஷ்டிராவின் கில்லாரியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்களே, அந்த ஊர் அதுவரை நில நடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது!

எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், மரத்தூண்கள். ஓட்டைப் பிரித்துவிட்டு அதே சுவரின் மேல் காங்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். சிவில் படிக்கிற பிள்ளை நான் சும்மா இருக்க முடியுமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நில நடுக்கத்தில் வீட்டின் மேல் பாயும் விசை, எடையை முடுக்கத்தால் பெருக்கினால் வருவது. எடை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. நாட்டு ஓட்டை இரட்டையாக வேய்ந்தாலும் ரீப்பரோடு சேர்த்துச் சுமார் 120 கிலோதான். இந்தக் கூடுதல் பாரம் முழுவதையும் இரும்புக் கட்டே இல்லாத பழைய செங்கல் சுவர் தாங்க வேண்டும்.

மர வீட்டுக்கு உண்மையான பரீட்சை காஷ்மீரில் நடந்தது. அங்கே 'தஜ்ஜி தேவாரி' என்று ஒருவகைச் சுவர் உண்டு. ஒட்டுத்துணி தைத்த மெத்தை போன்ற சுவர் என்று பொருள். மரச்சட்டங்களை நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகப் பொருத்திச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றையும் செங்கல்லோ கல்லோ வைத்துச் சேற்றுக் கலவையால் அடைப்பார்கள். நிலம் ஆடும்போது அடைப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சிறு விரிசல்கள் விழும். கல்லும் மரமும் ஒன்றோடொன்று உராய்ந்து உராய்ந்தே ஆட்டத்தின் சக்தி தீர்ந்துபோகும். ஒரு கட்டத்தில் விழுந்த விரிசலை அடுத்த கட்டத்தின் மரம் தடுத்துவிடும். ஆகவே சுவர் மூலைக்கு மூலை பிளப்பதில்லை. 2005 அக்டோபர் 8-இல் 7.6 அளவில் நடுங்கியபோது கல் வீடுகளும் ஒழுங்காகக் கட்டாத காங்கிரீட் வீடுகளும் சரிந்த இடங்களில் தஜ்ஜி வீடுகள் பல காரை உதிர்ந்து நின்றன. ஸ்ரீநகர் நிற்பதும் ஏரி வண்டலின் மேல்தான். வண்டல் மண் ஆட்டத்தைப் பெருக்கும். காவிரி வண்டலில் குடியிருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

உடனே 'மரம் என்றாலே பத்திரம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கில்லாரி வீடுகளுக்குள்ளும் மரத்தூண்கள் இருந்தன. சேற்றில் அடுக்கிய தடித்த கல் சுவரும், ஒழுகாமல் இருக்க ஆண்டுதோறும் கொட்டிக் கொட்டி உயர்ந்த கூரை மண்ணும்தான் ஆட்களைக் கொன்றன. பல இடங்களில் சுவர் சரிந்த பிறகும் மரச்சட்டம் மட்டும் தனியே நின்றது. ஜப்பானின் கோபே நகரில் 1995-இல் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பழைய மர வீடுகள் சரிந்து நசுங்கியவர்கள்! சேறு பரப்பிப் பதித்த கனத்த ஓட்டுக்கூரை மேலே. சாய்வுச் சட்டம் போதாத சுவர் கீழே. பல வீடுகளில் தூணின் அடியைக் கறையான் தின்றிருந்தது. மேலே பாரம் குறைவாக, மூலைகள் கட்டுண்டு, மரம் கெடாமல் இருந்தால்தான் மர வீடு தப்பும்.

இந்தக் கண்ணோடு எங்கள் வீட்டை அளந்து பார்த்தேன். தூணின் முனையைச் செதுக்கி உத்தரத்தின் துளைக்குள் இறக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் ஆட இடம் கொடுக்கும் பொருத்து அது. நல்லதுதான். ஆனால் சுவரைச் சுற்றி ஒரு கட்டும் கிடையாது. மூலையில் இரு சுவர்களும் பிரிந்தால் கைமரம் நழுவிவிடும். சாய்வுச் சட்டம் ஒன்றுகூட இல்லை. எங்கள் தெரு ஆசாரியை அழைத்து வந்தேன். உளியின் பிடியால் தூண்களைத் தட்டிக்கொண்டே வந்தவர் முற்றத்து ஓரத் தூணில் நின்றார். "தம்பி, இதத் தட்டிப் பாரு. டொக்குன்னு கேக்குதா? உள்ளே ஒண்ணுமில்ல" என்றார். மழைச்சாரல் படும் பக்கம் அது. இரண்டு தூண்கள் அப்படி. அடியை அறுத்துவிட்டுக் கருங்கல் பாதம் கொடுக்கலாம் என்கிறார்.

அப்பாவிடம் இரண்டு வழி சொன்னேன். தளம்தான் வேண்டுமென்றால் அஸ்திவாரத்திலிருந்து தூண் எழுப்பிப் புதிதாகக் கட்ட வேண்டும்; செலவு அதிகம். இல்லையென்றால் ஓட்டை இறக்கி, சுவரின் தலையில் நான்கு பக்கமும் கம்பி வைத்துப் பட்டை போட்டு, கைமரங்களை அதில் இறுக்கி, கெட்ட தூண்களைச் சரிசெய்து, அதே ஓட்டை மறுபடி வேயலாம். "படிச்சது இதுக்குத்தானா, ஓட்டு வீட்டுலயே இருக்கச் சொல்லவா?" என்று கேட்டார். ஆனாலும் கொத்தனாருக்குச் சொன்ன தேதியைத் தை பிறக்கட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறார்.