எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியும் ஒரு செப்பேடும்



வரலாறு என்றாலே வருஷத்தையும் ராஜா பேரையும் மனப்பாடம் பண்ணுவதுதான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சமூக அறிவியல் டீச்சர், "நம்ம ஊர் வரலாறு எதிலெல்லாம் எழுதியிருக்கு?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கல், செம்பு, காகிதம் என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதினார். இவைதான் ஆவணங்கள்.

கல்: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பல்லவரை வென்ற சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அது சொல்கிறது. எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் முதலில், "இதை எழுத வைத்தவர் யார்?" என்று கேட்க வேண்டுமாம். இது ஜெயித்தவர் எழுத வைத்தது. தோற்றவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம் இல்லையா?

செம்பு: 10ஆம் நூற்றாண்டு உத்தம சோழன் செப்பேடு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் நம் ஊரின் பெயர் கச்சிப்பேடு. ஊரகம் கோயில், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில், அதன் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பை அரசன் யாரிடம் கொடுத்தான் தெரியுமா? நெசவாளர்களிடம்! கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலான நான்கு குடியிருப்புகளில் இருந்தவர்கள் அவர்கள்.

இதை வீட்டில் சொன்னதும் தறியில் இருந்த அப்பா சிரித்தார். "கோயில் காரியமே பார்த்தாங்களா? நம்ம கணக்கையே நாம எழுதி வைக்கல" என்றார். உடனே ஆயா, "உங்க தாத்தா எழுதுவாரே" என்றது.

காகிதம்: டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். தாத்தாவின் கூலி நோட்டு ஒன்றுதான் இருந்தது. மொத்தம் மூணு நோட்டாம். மற்ற இரண்டும் வீடு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. எடைக்கு என்ன கிடைத்தது என்று ஆயாவுக்கே ஞாபகம் இல்லை.

இருந்த நோட்டைப் படித்தேன். தேதி, சேலை, கூலி, பிடித்தம் என்று வரிசையாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்கள் மட்டும் காலி. ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். "மழையில தெருவுல பாவு போட முடியாது. தறிக் குழியில தண்ணி ஊறும். வேலை ஏது?" என்றார். எழுதாத இடமும் சேதி சொல்லும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. தாத்தா யாரிடமும் கடன் வாங்கியதே இல்லை என்று ஆயா எப்போதும் பெருமையாகச் சொல்லும். நோட்டில் மார்கழியில் இருந்து ஒவ்வொரு சேலைக்கும் "அட்வான்ஸ் பிடித்தம்" என்று இருந்தது. படித்துக் காட்டினேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு" என்று நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. வாய்ச் சொல்லையும் எழுத்தையும் ஒப்பிட வேண்டும் என்று டீச்சர் சொன்னது இதுதான்.

அரசாங்கக் காகிதங்களைக் காக்க எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. நம் வீட்டுக் காகிதத்தை யார் காப்பார்கள்? செம்பு ஆயிரம் வருஷம் தாங்கியது. காகிதத்தைக் கரையான் ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும்.

அதனால் நீங்களும் இதைச் செய்யுங்கள்:

1. பழைய நோட்டு, ரசீது, பத்திரிகை எதையும் கேட்காமல் எடைக்குப் போடாதீர்கள்.
2. யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.
3. தேதி போட்டு ஒரு நகல் எழுதி வையுங்கள்.

நான் இதுவரை பதினோரு பக்கம் நகல் எழுதிவிட்டேன். அப்பாவும் இப்போது தன் கூலியை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி