வெண்பனியைத் தள்ளும் தோட்ட டிராக்டர்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில் பஃபலோ என்னும் நகரம் இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில், இன்னும் உறையாத ஏரிநீரின் மீது வீசிவரும் குளிர்காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையில் வெண்பனியாகக் கொட்டிவிடும். 2022 நவம்பரில் இந்நகரை அடுத்த ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திற்கு வெண்பனி விழுந்தது.

நமக்கு அவ்வளவு வேண்டாம், 30 செ.மீ. போதும். வீட்டு வாசலிலிருந்து தெருவரை 30 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாதையை எண்ணிக்கொள்ளுங்கள். அதன்மேல் 27 கன மீட்டர் வெண்பனி கிடக்கும். புதிதாக விழுந்த வெண்பனி கன மீட்டருக்கு 100 கி.கி. எனக் கொண்டால், மொத்தம் 2,700 கி.கி. ஆகிறது! இதை மண்வாரியால் அள்ளும் வயதானவர்கள் மாரடைப்புக்கு ஆளாவதுண்டு. ஆகவேதான் பலர், கொட்டகையில் நிற்கும் பழைய தோட்ட டிராக்டரின் முன்னால் வளைந்த எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்திப் பனியைத் தள்ளுகிறார்கள். 1961இல் வந்த 'கப் கேடட்', 1963இல் வந்த 'ஜான் டீர் 110' போன்ற சிறு டிராக்டர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் எஞ்சின் 7 அல்லது 8 குதிரைத்திறன்தான். இது போதுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 8 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 6,000 வாட். பாதி வழியிலேயே வீணாகிவிட்டாலும் 3,000 வாட் சக்கரங்களுக்கு வந்து சேரும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சென்றால், 3,000 நியூட்டன் விசையால் தள்ள முடியவேண்டும். ஆனால் முடியாது! எஞ்சின் உறுமும், பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும்.

காரணம் உராய்வு. ஓட்டுபவரையும் சேர்த்துப் பின்சக்கரங்களின் மேல் 250 கி.கி. பாரம் இருப்பதாகக் கொள்வோம். வெண்பனியின் மேல் ரப்பரின் உராய்வுக் குணகம் சுமார் 0.2. எனவே கிடைக்கும் விசை 250 × 9.8 × 0.2 = 490 நியூட்டன். எஞ்சினால் முடிந்ததில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை! உராய்வை வெறும் தொல்லை என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களை இந்த டிராக்டரின் இருக்கையில் ஒருமுறை உட்காரவைக்க வேண்டும்.

தகட்டைப் பொருத்துவதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 50 கி.கி. தகடு முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் தொங்குகிறது. அச்சுகளுக்கு இடையே 1.2 மீட்டர் என்றால், தகட்டைத் தூக்கும்போது முன் அச்சு நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி, பின்சக்கரங்களின் பாரத்தில் 21 கி.கி. குறைந்துவிடும். இதற்கு மாற்று என்ன? பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால், 50 கி.கி. மணல் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிடுகிறார்கள். அதனால் பின்சக்கரங்களில் கூடுவது 50 அல்ல, 71 கி.கி.! முன் அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் கணக்குப் போட்டு நீங்களே சரிபாருங்கள். சக்கரத்துக்கு 25 கி.கி. வீதம் வார்ப்பிரும்பு எடைகளையும் பொருத்தலாம். தகட்டைக் கீழே இறக்கியபின் பின்பாரம் ஏறத்தாழ 370 கி.கி. ஆகும். சக்கரங்களில் இரும்புச் சங்கிலியும் சுற்றி, குணகம் 0.4 ஆயிற்று என்றால், 1,450 நியூட்டன் கிடைக்கும். எஞ்சினைத் தொடாமலே தள்ளுவிசை மூன்று மடங்காகிவிட்டது.

டிராக்டரை நிறுத்துவதற்கும் இதே உராய்வுதான் வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. பாதை தெருவை நோக்கிச் சரிந்திருந்தால், சங்கிலியில்லாத டிராக்டர் பிரேக் போட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு, வரும் லாரியின் எதிரிலேயே போய் நிற்கும்.

தகட்டை நேராக வைத்துத் தள்ளினால் பனி முன்னால் குவிந்துகொண்டே போகும். 1.2 மீட்டர் அகலத் தகடு மீட்டருக்கு 36 கி.கி. சேர்க்கும்; பத்து மீட்டரில் 360 கி.கி. ஆகிவிடும். ஆகவே தகட்டைச் சுமார் 30 பாகை சாய்த்து வைத்தால் பனி ஓரமாக ஒதுங்கிவிடும். பனி வலப்புறம் போனால் டிராக்டரின் முன்பகுதி இடப்புறம் தள்ளப்படும். நியூட்டனின் மூன்றாம் விதி! தகட்டின் தள்ளு சட்டங்களை முன் அச்சில் மாட்டாமல், அடிச்சட்டத்தில் பிணைப்பதும் முக்கியம். முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவது. இந்தத் தாக்குதலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி, பனிக்கடியில் மறைந்திருக்கும் ஆபத்து. சிமெண்ட் பலகையின் விளிம்பு ஒன்று மேலெழும்பி நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாது. 500 கி.கி. டிராக்டர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. இயக்க ஆற்றல் 250 ஜூல். 1 செ.மீ. தொலைவில் நின்றால் சராசரி விசை 25,000 நியூட்டன்! பற்றவைத்த இடம் விட்டுப்போகும்; ஓட்டுபவரின் மார்பு ஸ்டியரிங்கில் மோதும். இதற்காகவே தகட்டின் பின்புறம் வலுவான சுருள்வில்களை அமைக்கிறார்கள். மோதியவுடன் தகட்டின் அடிவிளிம்பு பின்னால் மடங்க, வில் நீள்கிறது. அதே ஆற்றல் 10 செ.மீ. தொலைவில் செலவாகுமானால் விசை 2,500 நியூட்டன்தான். தகடு விளிம்பின் மேலேறித் தாண்டியதும், வில் அதை மீண்டும் நிமிர்த்திவிடும்.