புதுக் குட்டையில் பாசி: காரணமும் பரிகாரமும்

சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த பூமியாகும். இங்குள்ள மானாவாரி விவசாயி பெரிதும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையையே. அம்மழையைத் தேக்கி வைக்கும் பொருட்டுப் பண்ணைக் குட்டைகள் வெட்டப்படுகின்றன. தேங்கிய நீரில் மீன் வளர்த்தால் பாசனத்தோடு உபவருமானமும் கிட்டும். ஆனால் புதுக் குட்டை நிரம்பிய சில வாரங்களிலேயே நீர் பச்சையாக மாறுவதையும், ஓரங்களில் பாசி படர்வதையும் கண்டு பலர் கவலையுறுகின்றனர். அவசரப்பட்டு மருந்தைக் கொட்டுவோரும் உண்டு. அவ்வாறு செய்வதால் பாசியோடு மீனும் மடிந்து, போட்ட முதலும் போய்விடுகிறது. பாசி ஏன் தோன்றுகிறது என்பதை அறிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

பாசி வளரும் விதம்

பாசி தாவரத்தைப் போன்றே வளர்வது. பயிருக்கு வேண்டிய சூரிய ஒளி, தழைச்சத்து, மணிச்சத்து ஆகிய மூன்றுமே பாசிக்கும் உணவாகும். குட்டையில் மூன்று விதமான பாசியைக் காணலாம். கண்ணுக்குத் தனித்தனியே தெரியாமல் நீர் முழுவதும் பரவி அதற்குப் பச்சை நிறம் தருவது மிதக்கும் நுண்பாசி. இது அளவோடு இருந்தால் மீனுக்கு நல்ல உணவு. ஆழமில்லாத ஓரங்களில் தோன்றி, நூல் நூலாகத் திரண்டு மேலே மிதப்பது நூற்பாசி. பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் நீரின் மேல் ஏடாகப் படிந்து, காற்றடிக்கும் திசையில் ஒதுங்கி, துர்நாற்றம் வீசுவது நீலப்பச்சைப் பாசி. மூன்றிலும் ஆபத்து மிகுந்தது இதுவே.

கண்ணாடித் தொட்டி தரும் பாடம்

பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் வண்ண மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியைக் கவனித்தால் இவ்விஷயம் நன்கு விளங்கும். புதுத் தொட்டியில் முதலில் கண்ணாடியின் மேல் பழுப்பு நிறப் படலம் தோன்றும். பின்னர் பச்சைப் பாசி வரும். மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதனைத் தீங்கற்ற பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரையில் தொட்டி நிலைகொள்வதில்லை. அனுபவமுள்ளவர்கள் இதற்காக மருந்து தேடுவதில்லை. இரண்டு மூன்று நிமிடங்களில் மீன் தின்று தீர்க்கும் அளவே இரை இடுவார்கள். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கொளி படாமல் பார்த்துக்கொள்வார்கள். வெயில் நேரே விழும் இடத்தில் தொட்டியை வைக்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவார்கள். நீர்ச்செடிகளை நட்டு, பாசிக்குரிய சத்தை அவை எடுத்துக்கொள்ளும்படி செய்வார்கள். சில வாரங்களில் பாசி தானே அடங்கும். குட்டைக்கும் இதே விதிதான். சத்தைக் குறைத்தால் பாசி குறையும்.

விடியற்காலை ஆபத்து

பகலில் பாசி சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ மீனைப் போலவே அதுவும் பிராணவாயுவைச் சுவாசிக்கிறது. ஆகவே பாசி மிகுந்த குட்டையில் விடியற்காலையில் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திணறுவது இதன் அறிகுறி. மேகமூட்டம் சில நாட்கள் நீடித்தால் ஆபத்து அதிகம். அவ்வேளையில் இரையும் எருவும் இடுவதை உடனே நிறுத்த வேண்டும். பம்பு செட்டைக் கொண்டு கிணற்று நீரையோ, குட்டை நீரையோ எடுத்து உயரத்திலிருந்து சிதறி விழச் செய்ய வேண்டும். அதற்கும் வழியில்லையெனில் நீண்ட கழிகளால் நீரை அடித்துக் கலக்கினாலும் ஓரளவு பலன் உண்டு.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவது இதனாலேயே தகாத காரியமாகிறது. அது மீனுக்கும் நஞ்சாகும். மேலும், ஒரே சமயத்தில் மடிந்த பாசி அழுகும்போது, எஞ்சியிருக்கும் பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும்.

அளந்து பார்க்கும் முறை

20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் தகடு ஒன்றை நான்கு பாகமாக்கி, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையும் பூசுக. நடுவில் அளவுக் குறியிட்ட கயிற்றைக் கட்டி, அடியில் கனம் சேர்க்க வேண்டும். இத்தாலிய அறிஞர் செக்கி என்பவர் 1865-இல் நீரின் தெளிவை அளக்கக் கையாண்ட முறையிலிருந்து வந்த கருவி இது. வெயில் நன்கு உள்ள நேரத்தில் தகட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருந்தால் நீர் நன்னிலையில் உள்ளது. 20-க்குக் கீழே இறங்கினால் இரையையும் எருவையும் நிறுத்த வேண்டும். கரிசல் மண்ணின் கலங்கலையும் பாசியென்று மயங்கலாகாது. ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால், நிறத்தைக் கொண்டே மண்ணா, பாசியா என்பது தெரிந்துவிடும்.

எருவும் இரையும்

20 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள குட்டையை எடுத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 10 சென்ட். ஹெக்டேருக்கு 5,000 குஞ்சுகள் என்ற கணக்கில் இதில் 200 குஞ்சுகள் விடலாம். அவை சராசரி 100 கிராம் எடையடையும்போது மொத்த எடை 20 கிலோ. எடையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு, அதாவது 400 முதல் 600 கிராம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நாளொன்றுக்குப் போதும். கூடை கூடையாகக் கொட்டும் இரை, மீனின் வயிற்றுக்குப் போகாமல் பாசிக்கே எருவாகிறது. சாணமும் அவ்வாறே. ஆண்டு முழுவதற்கும் இக்குட்டைக்கு 400 கிலோ சாணம் என்று கொண்டால், முதலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் இட்டு, மிகுதியை நீரின் நிறம் பார்த்துத் தவணை தவணையாக இட வேண்டும். சுண்ணாம்பு இடுவதற்கு முன் மண்ணையும் நீரையும் சோதிப்பது அவசியம். கரிசல் மண் இயல்பாகவே காரத்தன்மை உடையது. பாசி மிகுந்த நீரின் காரத்தன்மை பிற்பகலில் மேலும் ஏறும். அப்போது அம்மோனியாவின் நச்சும் கூடும். அந்நிலையில் சுண்ணாம்பு கொட்டினால் தீமையே விளையும்.

படர்ந்த பாசியும் உதவும் மீன்களும்

வெளிச்சம் அடிமண்வரை எட்டும் ஆழமற்ற ஓரங்களிலேயே நூற்பாசி வேரூன்றுவது போலப் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஓரங்களை ஆழமாக்க வேண்டும். படர்ந்த பாசியை வலையாலும் வாரியாலும் வாரி எடுத்து, எருக்குழியில் இட்டு மக்கச் செய்க. கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அதன் சத்து மீண்டும் குட்டைக்கே வந்து சேரும்.

வெள்ளிக் கெண்டை மிதக்கும் நுண்பாசியை வடித்து உண்ணும். புல் கெண்டை நீர்க்களைகளைத் தின்னும். இவ்விரண்டும் 1959-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை. 200 குஞ்சுகளில் 40 வெள்ளிக் கெண்டையும் 10 புல் கெண்டையும் இருக்கலாம். மற்றவை கட்லா, ரோகு, மிர்கால் முதலியன. அயல்நாட்டு இனங்களாதலால் ஆற்றிலும் ஓடையிலும் இவை தப்பிச் செல்லாதவாறு போக்கு மடையில் வலையடைப்பு அவசியம்.

ஊராட்சியின் கடமை

வயல்களில் இட்ட யூரியாவும் பிற உரங்களும் மழை நீரோடு கரைந்து குட்டைக்கு வருகின்றன. வரத்துக் காலின் முகப்பில் வண்டல் படியும் சிறு குழியும், இருபுறமும் புல் வரப்பும் அமைத்தால் அச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கும். சாக்கடை நீர் கலவாமல் தடுப்பதும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பே. குடிநீர் ஊருணியில் எருவும் மீன் இரையும் இடவே கூடாது. நீலப்பச்சைப் பாசி ஏடு படிந்த நீரை மனிதரும் ஆடுமாடுகளும் அருந்தலாகாது. சில இனங்கள் வெளியிடும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அந்நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

கோடையில் நீர் வற்ற வற்றச் சத்து செறிந்து பாசி மிகும். ஆகவே மாசி, பங்குனி முதலே வளர்ந்த மீனைப் பிடித்து விற்றுவிடுவது உசிதம். குட்டை காய்ந்ததும் அடிவண்டலை வாரி நிலத்தில் இட்டால் வயலுக்கு உரமாகும். அடுத்த ஆண்டுக் குட்டையிலும் பாசி மட்டுப்படும். அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் ஒரு குட்டையையேனும் இம்முறையில் பராமரித்து, வாரந்தோறும் தகட்டின் அளவை ஏட்டில் குறித்து வந்தால், அயலாரும் அதனைக் கண்டு பின்பற்றுவார்கள்.