காலுக்கேற்ற காலணி



“படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய்” என்று மாணவன் ஒருவனைப் பல்லாண்டுகளுக்கு முன் வகுப்பில் நாம் கடிந்துகொண்டதுண்டு. அச்சொல் தவறென்பதைப் பின்னரே உணர்ந்தோம். காலணி செய்வதற்கும் படிப்பு வேண்டும். கணக்கும் ஓவியமும் பொறுமையும் வேண்டும். ஒருவர் காலுக்கென்றே அளந்து, கையால் காலணி செய்யும் முறையை ஈண்டுக் காண்போம்.

1. அளவெடுத்தல்: ஒருவருடைய இரு பாதங்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆதலால் இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். தாளின்மீது நிற்கச் செய்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரைவர். பின்னர் நாடாவால் சுற்றளவுகளை எடுப்பர். நிற்கும்போது உடலின் பாரத்தால் பாதம் விரியும். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்து செய்த காலணி, நடக்கும்போது கடிக்கும்.

2. அச்சுக்கட்டை: அவ்வளவுகளின்படி மரத்தில் பாத வடிவம் செதுக்கப்படும். காலணி முழுவதும் இதன்மேல்தான் உருவாகிறது. கட்டை பிழைத்தால் காலணியும் பிழைக்கும்.

3. வெட்டுதல்: கட்டையின்மேல் வரைந்த வடிவைத் தாளுக்கு மாற்றி, அத்தாளை வைத்துத் தோலை வெட்டுவர். தோல் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நீளாது. குறைவாக நீளும் திசை காலணியின் நீளவாட்டில் அமைதல் வேண்டும்; இன்றேல் காலணி விரைவில் தொளதொளத்துவிடும்.

4. இணைத்தல்: தைத்த மேல்தோலைக் கட்டையின்மீது போர்த்தி, குறடால் இழுத்துச் சிற்றாணி அடித்து, வடிவம் படியும்வரை விட்டுவைப்பர். பின்பு விளிம்பில் ஒரு தோல் வாரை மெழுகிட்ட நூலால் தைத்து, அதனோடு அடிப்பாகத்தைச் சேர்ப்பர். அடிப்பாகத்திற்குக் கிரேப் ரப்பரும் பயன்படுவதுண்டு. நம் முன்னோர் பலர் வெறுங்காலோடு பால்மரம் வெட்டினர். அந்தப் பால் பிறர் கால்களைக் காத்தது.

இக்கலையில் உலகப் புகழ் பெற்ற ஜிம்மி சூ நம் பினாங்கில் பிறந்தவர். காலணி செய்பவரின் மகன். தொடக்கத்தில் தந்தையார் அவரைச் செய்யவிடாமல், மாதக்கணக்கில் அருகிலமர்ந்து பார்க்கச் சொன்னார். 11ஆம் வயதில் முதற் காலணியைச் செய்தார். பின்னர் இலண்டனில் இருந்த கார்டுவெய்னர்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1983இல் தேறினார். கல்விச் செலவுக்காக உணவகத்தில் வேலை செய்தார்; காலணித் தொழிற்சாலையைத் துப்புரவும் செய்தார். இளவரசி டயானா அவரிடம் காலணி செய்துகொண்டவர்களுள் ஒருவர்.

மாணவர்களே! இன்று வீட்டில் உங்கள் இரு பாதங்களையும் தாளில் வரைந்து, நீள அகலங்களை மில்லிமீட்டரில் குறித்து ஒப்பிடுங்கள். வேறுபாட்டை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்குக் காலணி வாங்க மாலையில் செல்லுங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்றுப் பருத்திருக்கும். இரு கால்களிலும் அணிவித்து நடக்கச் செய்து பாருங்கள். பெரிய காலுக்குப் பொருந்துவதையே வாங்குங்கள். பிள்ளையின் கை ஒரு தொழிலை நாடினால் தடுக்காதீர்கள், படிப்பையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தே ஒருவரை உயர்த்தும்.

அன்று நாம் கடிந்த மாணவன் இன்று எங்குள்ளான் என்பதை அறியோம். அவன் இவ்விதழைக் காண நேர்ந்தால், இப்பாடத்தை நம் பிழைதிருத்தமாக ஏற்றுக்கொள்வானாக!