கம்பி அணிந்த பற்களும் காக்கும் கடமையும்

முன்னுரை

'நகை' என்னும் தமிழ்ச்சொல் சிரிப்பையும், பல்லையும், அணிகலனையும் குறிக்கும். பல் அழகுக்கு மட்டும் உரியதன்று, மொழிக்கும் உரியது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் சேர்த்தே எண்ணினார். தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்கின்றன. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கிறது. திருமறையைத் திருத்தமாக ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் கலையும், மேற்பல் நுனி கீழுதட்டைத் தொட 'ஃபா' பிறக்கும் என்று வரையறுக்கிறது. எனவே பல்வரிசையைச் சீராக்கிக் கொள்வதை வெறும் ஒப்பனை என்று நாம் ஒதுக்குதல் பொருந்தாது.

இன்று நம் மாணவ மாணவியர் பலர் பல்லில் கம்பி அணிந்து வகுப்புக்கு வருகின்றனர். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது. அதனைப் பயனுடையதாக்குவது மருத்துவர் கையில் பாதி. அணிந்தவர் கையில் பாதி.

கம்பி செய்யும் வேலை

பல் எலும்பில் நேரே பதிந்து நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கம்பியின் மென்மையான விசை இடைவிடாது செயற்படும்போது, அழுந்தும் பக்கத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. இவ்வாறு பல் இடம் பெயர்கிறது. விசையைக் கூட்டினால் வேலை விரையாது. வேருக்கே தீங்கு நேரலாம். ஆதலால்தான் பெரும்பாலோர்க்கு 18 முதல் 24 மாதங்கள் வரை ஆகின்றன. பொறுமை இழந்து பாதியில் கைவிடுவோர் பணத்தையும் பயனையும் ஒருங்கே இழக்கின்றனர்.

மறைந்திருக்கும் பகை

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பையும் மாவுப்பொருளையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லில் ஒட்டிய வில்லைகளைச் சுற்றி உணவு தங்குவதால் அவற்றுக்கு நல்ல புகலிடம் கிடைக்கிறது. அமிலம் எனாமல் என்னும் மேற்பூச்சின் சுண்ணத்தைக் கரைக்க, வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. கவனிப்பின்றி விட்டால் நான்கு வாரங்களிலேயே அவை கண்ணுக்குப் புலப்படலாம். கம்பியைக் கழற்றும் நாளில், வரிசை நேராகியும் பற்கள் கறைபட்டிருத்தல் எத்துணை வருத்தம்!

மாமல்லபுரத்துச் சிற்பியரிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1957-இல் அங்குத் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியின் மாணவரும் முதலில் உணர்வது, தவறிச் செதுக்கிய சில்லு மீண்டும் கல்லில் ஒட்டாது என்பதே. எனாமலும் அத்தகையது. தொடக்கநிலை வெண்புள்ளியை ஃபுளோரைடு ஓரளவு தேற்றும். குழி விழுந்தபின் மேற்பூச்சு தானாக வளராது.

துலக்கும் முறை

ஒவ்வொரு முறை உண்டபின்னும் வாயை நன்கு கொப்பளிக்க வேண்டும். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு காலையும் இரவும் தவறாது துலக்க வேண்டும். தூரிகையைச் சாய்த்து, முதலில் கம்பிக்கு மேலும், பிறகு கீழும், இறுதியில் வில்லையின் மீதும் தேய்த்தல் முறை. கம்பிக்கு அடியில் நுழையும் சிறு தூரிகை கடைகளில் கிடைக்கிறது. இரவில் அதனைப் பயன்படுத்துவது நலம். கரித்தூளும் செங்கற்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றை விலக்குக. கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகை அதன்மேல் ஒட்டலாம். நாமே வளைத்தல் ஆகாது.

மிஸ்வாக்கும் உகாயும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய மிஸ்வாக், சங்க இலக்கியம் பாலைநிலத்து மரமாகப் பேசும் 'உகாய்' மரத்தின் குச்சியே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதன் சாறு நுண்ணுயிர்களை அடக்க வல்லது என்று ஆய்வாளர் கூறுவர். எனினும் தடித்த குச்சி கம்பிக்கு அடியில் நுழையாது; அழுத்தித் தேய்த்தால் வில்லை பெயரலாம். ஆகவே கம்பி அணிந்தோர் மிஸ்வாக்கை மென்மையாகக் கையாள்க, தூரிகையை விடாதொழிக. ஐவேளை ஒளூவின்போது வாய் கொப்பளிக்கும் நம் வழக்கமும் இங்குப் பெருந்துணையாகும்.

உணவு ஒழுக்கம்

முறுக்கு, சீடை, கரும்பு, கடினமான மிட்டாய், ஆட்டெலும்பு ஆகியன வில்லையைப் பெயர்க்கும். கொய்யாவையும் ஆப்பிளையும் முன்பல்லால் கடியாது துண்டாக்கி உண்க. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரை மக்களின் மீன் உணவுக்குத் தடையில்லை. முள் மட்டும் நீக்கப்பட வேண்டும். ரமலானில் நோன்புக் கஞ்சி பல்லுக்கு இதமானது. பேரீச்சம்பழமோ கம்பியில் ஒட்டும். கொட்டை நீக்கிச் சிறு துண்டுகளாக உண்டு, உடனே கொப்பளிக்க. நோன்பு நேரத்தில் பற்பசை குறித்து ஐயமுள்ளோர் சஹர் உணவுக்குப் பின்னும் இரவிலும் துலக்கலாம்.

முடிவுரை

கம்பி பூட்டிய முதற்சில நாட்கள் நா தடுமாறும், ஒலி குழறும். அதற்கு நாணிப் பட்டிமன்ற மேடையையும் கிராஅத் வகுப்பையும் விட்டு விலகுதல் வேண்டா. நாள்தோறும் உரக்கப் படித்தால் நா விரைவில் பழகிவிடும். உடன்பயில்வோரும் எள்ளல் தவிர்த்துத் துணைநிற்க வேண்டும். கம்பி கழன்றபின் மருத்துவர் தரும் நிலைநிறுத்தும் கருவியைச் சொன்ன காலம்வரை அணியாவிடில் பற்கள் பழைய இடத்தையே நாடும். செல்வம் இல்லையே என்று தளரவும் வேண்டா. 1953-இல் தோன்றிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், செங்கற்பட்டு வட்டாரத்துப் பல் மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் பல்லும் அடங்கும்.